சொந்தத் தொழிலும் உள்ளத்தின் மகிழ்ச்சியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது சங்கம் தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், தொழில் முனைவோரின் ஊக்கமும் மகிழ்ச்சியும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "இருபத்தெட்டு ஆண்டுகளாக அரசாங்கச் சம்பளம் வாங்கும் தங்களுக்குத் தொழில் நடத்துபவர்களைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கடை வைத்தவன் அல்லன். பட்டறை நடத்தியவனும் அல்லன். ஆனால் கடை வைத்தவர்களுக்கும் பட்டறை நடத்துபவர்களுக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தவன். அவர்களுள் சிலருடைய கடன் பத்திரங்களில் ஜாமீன் கையெழுத்தும் இட்டவன். அந்த அளவிற்கே இப்பொருள் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

இவ்வுரைக்காக நம் சங்கத்தின் ஆண்டறிக்கைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் அறிக்கையிலும் பாராட்டுப் பெற்றோர் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், காவலர், செவிலியர், மின்வாரிய ஊழியர், வங்கி எழுத்தர் என்று அது நீள்கிறது. நெஞ்சை நிமிர்த்திப் படிக்கத்தக்க பட்டியல் அது. ஆனால், சொந்தமாகத் தொழில் தொடங்கினார் என்பதற்காக ஒருவரும் இம்மேடையில் பொன்னாடை போர்த்தப் பெற்றதாக அதில் இல்லை. இதனை நான் குற்றமாகக் கூறவில்லை. இதற்குத் தக்க காரணம் இருந்தது.

நம் பாட்டன்மார்க்குத் தொழில் என்னும் சொல் எதனைக் குறித்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிணம் எரிப்பது தொழில். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது தொழில். இழவுச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு செல்வது தொழில். இவற்றுள் ஒன்றையும் அவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறப்பு அவர்கள் தலையில் சுமத்தியது. அத்தொழில்களுக்கு விலை என்று ஒன்று கிடையாது. அறுவடை முடிந்தபின் களத்து மேட்டில் போடுவதுதான் கூலி. எவ்வளவு என்று போடுகிறவர்தான் முடிவு செய்வார். இன்று வர இயலாது என்று சொல்லும் உரிமையும் கிடையாது. ஆகவே தொழிலை விட்டு ஓடுவதே விடுதலை என்று நம் பெற்றோர் கருதினர். மாதம் பிறந்தால் சம்பளம், சட்டைப் பையில் அடையாள அட்டை, ஊருக்கு நடுவே உள்ள அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஓய்வு பெற்றால் ஓய்வூதியம். இவற்றை விரும்பியதில் தவறென்ன? நானும் அந்த வாசல் வழியே வந்தவன்தான்.

அந்த வாசல் இன்று குறுகி நிற்கிறது என்பது கண்கூடு. 2024-ஆம் ஆண்டில் நடைபெற்ற தொகுதி 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ ஏறத்தாழ 20 லட்சம் பேர். நம் படிப்பகத்தில் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்று அமர்ந்து படிக்கும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். முயற்சியில் குறையில்லாத பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் "ஐயா, நான் ஒரு பட்டறை வைக்கலாமா?" என்று கேட்டால், வீட்டிலே அழுகை எழுகிறது. "பட்டம் படித்துவிட்டுப் பட்டறையா?" என்று தாயார் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகவே இன்று பேச முன்வந்தேன்.

முதலில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தொழில் செய்வோர் எல்லோரும் செல்வந்தர் ஆகிவிடுவதில்லை. பார்ட்டன் ஹாமில்டன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் தம் நாட்டைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பத்தாண்டுக் காலம் சொந்தத் தொழில் நடத்திய ஒருவர், அதே காலம் பிறரிடம் வேலை பார்த்திருந்தால் பெறக்கூடிய வருவாயைவிட 35 விழுக்காடு குறைவாகவே பெறுகிறார் என்பது அவர் கண்ட முடிவு. அதாவது, வரிசையின் நடுவில் நிற்பவருடைய நிலை இது; முதலில் நிற்கும் சிலர் பெரும்பொருள் ஈட்டுகின்றனர். இவ்வளவு குறைந்த வருவாய்க்கு ஏன் அவர்கள் தொழிலைக் கைவிடாமல் இருக்கின்றனர்? பணமல்லாத வேறு ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதானே பொருள்?

அந்த வேறு ஒன்று யாது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்களான மத்தியாஸ் பென்ஸ், புரூனோ ஃப்ரே ஆகிய இருவர் ஆராய்ந்தனர். 23 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2008-ஆம் ஆண்டில் எழுதினர். சொந்தத் தொழில் செய்வோர், சம்பளத்திற்கு வேலை செய்வோரைவிடத் தம் பணியில் அதிக மனநிறைவு உடையவர்களாக இருக்கின்றனர். வருவாய், வேலை நேரம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் இந்நிறைவு குறையவில்லை. தமக்கு மேலே நின்று ஆணையிடுவார் ஒருவர் இல்லை, தம் அறிவு சொன்னபடி தாம் செய்யலாம் என்பதே அதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். ஐரோப்பியர்க்கு இவ்வுண்மையை அறிய 23 நாட்டு விவரங்கள் தேவைப்பட்டன. ஆணைக்கு மட்டுமே அடங்கி நடந்த தலைமுறைகளின் வழிவந்த நமக்கு அது இரத்தத்திலேயே தெரிந்த செய்தி.

இங்கே ஒரு வேறுபாட்டையும் காண வேண்டும். பேருந்து நிலைய வாசலில் கூடையில் பழம் விற்கும் நம் அம்மையாரும் சொந்தத் தொழில் செய்பவர்தான். ஆனால் அவர் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்து, கையில் 8,500 ரூபாய் வாங்குகிறார். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறார். மழை பெய்தாலும், பழம் அழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாலையில் அந்த 100 ரூபாய் தயாராக இருக்க வேண்டும். வேறு வழியின்றித் தெருவுக்கு வந்த அவரிடம் போய், "உமக்கு மேலே அதிகாரி இல்லையே, மகிழ்ச்சிதானே?" என்று கேட்பது கொடுமையாகும். அதிகாரி இல்லைதான், தண்டல்காரர் இருக்கிறாரே! ஆகவே பெயருக்குச் சொந்தத் தொழில் என்பது வேறு. தன் விருப்பப்படி நடத்தும் தொழில் என்பது வேறு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரைப் பற்றிக் கூற விரும்புகிறேன். பெயர் வேண்டா. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் கற்று, மூன்று ஆண்டு பிறர் பட்டறையில் வேலை செய்து, பின்னர் தானே ஒரு பட்டறை வைத்தார். இரும்புக் கதவு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவை அவர் செய்யும் பொருள்கள். அவருடன் படித்த தோழர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் உதவியாளரின் வருவாயே அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் ஊரில் புதுமனை புகுவார் இல்லை. பட்டறையில் வேலையும் இல்லை. இரும்பு விலை ஏறினால் ஒப்புக்கொண்ட விலைக்கே செய்து கொடுத்து நட்டப்பட வேண்டும். இவ்வளவு தொல்லையில் உனக்கு எது மகிழ்ச்சி என்று ஒருநாள் கேட்டேன். வேலை முடிந்து பணம் வாங்கும்போதா என்றும் கேட்டேன். அவர் சொன்னார்: "இல்லை ஐயா. அளவெடுத்துவிட்டு வந்து, ஒரு தாளில் இவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்கிறேனே, அப்போதுதான். எங்கள் அப்பாவுக்கு அவர்கள் கொடுத்ததுதான் கூலி. எனக்கு நான் சொல்வதுதான் விலை."

அவருடைய தந்தையார் அவ்வூரில் வெட்டியான் வேலை பார்த்தவர். அவரை வயது பாராமல் ஒருமையில் அழைத்த நிலக்கிழார் ஒருவர், தம் தோட்டத்திற்குக் கதவு போட மகனிடம் வந்தார். "தம்பி, கொஞ்சம் குறைத்துச் சொல்லேன்" என்று பேரம் பேசினார். அன்பர்களே, இந்தப் பேரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அடிமையிடம் எவரும் பேரம் பேசுவதில்லை. நீ ஒரு விலை சொல்லலாம், நான் வேறு விலை கேட்கலாம், இருவருள் எவரும் மறுக்கலாம் என்ற ஒப்பந்தம் பேரத்திற்குள் மறைந்து கிடக்கிறது. நூற்றாண்டுகளாக நமக்கு மறுக்கப்பட்டது பொருள் மட்டுமன்று. விலை சொல்லும் வாயும்தான். நம்மவர் தொழில் தொடங்கும்போது அடையும் மகிழ்ச்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதைக் கேட்டு, எல்லாம் மாறிவிட்டது என்று மயங்கவும் வேண்டா. அதே பட்டறைக்கு வரும் புதியவர் சிலர், வேலையைப் பார்ப்பதற்கு முன் "தம்பி எந்தத் தெரு?" என்று கேட்கின்றனர். விடை தெரிந்தபின் மீண்டும் வராதவர்களும் உண்டு. இரும்புக்கே இப்படியென்றால் உணவுத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கிய நம் சகோதரி ஒருவர், இரண்டு தெரு தள்ளி வேறு பெயரில் கடை எடுக்க நேர்ந்ததை இங்குள்ளோர் அறிவர்.

இனி, ஊக்கம் என்பதைப் பார்ப்போம். நம் இளைஞர்க்கு ஊக்கம் இல்லை என்பது பலர் வாயில் கேட்கும் பேச்சு. வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்தார். ஊக்கத்தைக் குலத்தோடு முடிச்சுப் போடவில்லை. டேவிட் மெக்லெலண்ட் என்னும் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர், 1964-ஆம் ஆண்டில் நமக்கு அண்மையிலுள்ள காக்கிநாடாவின் சிறு வணிகர்க்கும் சிறுதொழில் நடத்துவோர்க்கும் ஊக்கப் பயிற்சி அளித்து ஒரு சோதனை நடத்தினார். ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனம் துணை நின்றது. தாம் அடைய விரும்புவதைத் தெளிவாக எண்ணவும், அதற்குத் தடை எது, துணை எது என்று எழுதிப் பார்க்கவும் அவர்கள் பழக்கப்பட்டனர். பயிற்சி பெற்றோர் பின்வந்த ஆண்டுகளில், பெறாதோரைவிட அதிக முதலீடு செய்தனர். புதிய வேலையாள்களை அமர்த்தினர். பழைய மரபில் ஊறியவரா, புதிய பழக்கம் உடையவரா என்பது இதில் வேறுபாடு செய்யவில்லை. ஊக்கம் கற்பிக்கத்தக்கது என்று அப்பேராசிரியர் நிறுவினார். ஆசிரியனான எனக்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை.

அவர் செய்த இன்னொரு சோதனை எளிமையானது. தரையில் ஒரு முளை. கையில் சில வளையங்கள். எவ்வளவு தூரத்தில் நின்று வேண்டுமானாலும் எறியலாம். சிலர் முளைக்கு அருகிலேயே நின்று போடுவர். சிலர் எட்டாத தூரத்தில் நின்று வீசுவர், விழுந்தால் அதிர்ஷ்டம். சாதிக்கும் வேட்கை உடையவரோ, முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்னும்படியான நடுத்தூரத்தில் நிற்பர். இளைஞர்களே, தொழிலிலும் இந்த நடுத்தூரமே நமக்கு உகந்தது. தாயின் தாலிச் சங்கிலியையும் தந்தையின் ஒரே வீட்டுமனையையும் ஒருசேர அடகு வைத்து, பெருநகரத்துக் கடையைப் போல ஒரு கடை திறப்பது எட்டாத தூரத்து வீச்சு. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க மாமன் கடையும் சித்தப்பன் மில்லும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அவ்வாறு வீசலாம். நாம் வீசலாகாது.

ஆயினும் அப்பேராசிரியரோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. காக்கிநாடாவில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஏற்கெனவே கடை இருந்தது, பட்டறை இருந்தது, சரக்கைக் கடனாகத் தருவார் இருந்தனர். அத்தகையோர்க்கு ஊக்கம் ஒன்றே குறையாக இருந்திருக்கலாம். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததை நோக்குங்கள். அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917-இல் நாடு திரும்பியவர் அவர். குடும்பத்தைக் காப்பாற்றப் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு முதலீட்டு ஆலோசனை வழங்கும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனையில் பிழையில்லை. ஆலோசனை கூறுபவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, தொழிலும் நின்றது. அவரிடமா ஊக்கம் இல்லை? இந்திய நாட்டிலேயே அந்நாளில் அவரைவிட ஊக்கம் மிக்கவர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? ஆகவே ஒருவன் தோற்றால் அவனிடம் ஊக்கம் இல்லை என்று கூறுமுன், அவனிடம் வாங்குவதற்கு ஆள் இருந்தார்களா என்று கேட்பதே அறிவுடைமை.

கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா இதை நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய அரண்மனைக் குதிரை லாயத்தில் பணியாற்றிய கங்காராம் காம்ப்ளே என்னும் மகார் இனத்தவர், மேல்சாதியார்க்குரிய தண்ணீர்த் தொட்டியைத் தீண்டினார் என்று அடிக்கப்பட்டார். அடித்தவர்களைத் தண்டித்த மன்னர், கங்காராமிடம் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கச் சொல்லிப் பொருளுதவி செய்தார். அவர் தேநீர்க் கடை வைத்தார். கடை இருந்தது; பால் இருந்தது; தேயிலை இருந்தது. குடிக்க ஆள் இல்லை. மன்னர் என்ன செய்தார்? கடை வாசலில் தம் வண்டியை நிறுத்தச் செய்து, எல்லோரும் காணத் தேநீர் வாங்கிப் பருகினார். உடன்வந்த அதிகாரிகளையும் பருகச் செய்தார். மன்னர் கொடுத்த பணத்தைவிட மன்னர் குடித்த தேநீரே பெரிய மூலதனம் என்று நான் கருதுகிறேன். முதலும் வேண்டும், வாங்குவோரும் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் ஊக்கம் தானே துளிர்க்கும்.

முதல் ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. வங்கி ஈடு கேட்கிறது; ஈடு என்றால் நிலம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892-ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் நம்மவர் கையில் நிலைத்திருந்தால், இன்று ஈடு கேட்கும் மேலாளரிடம் பத்திரத்தை எடுத்து நீட்டியிருப்போம். நிலைக்கவில்லை. லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வர்ஷ்னே என்னும் மூவர் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்து காட்டியபடி, 2005-ஆம் ஆண்டில் இந்திய மக்கள் தொகையில் 16.4 விழுக்காடாக இருந்த தாழ்த்தப்பட்டோர், தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காட்டிற்கே உரிமையாளர். இந்த இடைவெளியைச் சோம்பலால் விளக்க முற்படுவோர் வரலாறு படிக்க வேண்டும்.

உடைமை வந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஆக்ரா என்றால் நமக்குத் தாஜ்மகால் நினைவிற்கு வரும். அந்நகரில் நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட ஜாதவ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காலணி செய்பவர்கள். அவர்களுள் பலர் பட்டறை உரிமையாளர்களாகவும் உயர்ந்தனர். ஓவன் லிஞ்ச் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1969-இல் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் செய்த காலணியைச் சந்தைக்குக் கொண்டுசென்றால், மொத்த வணிகர் பணம் தராமல் பர்ச்சி என்னும் துண்டுச் சீட்டைத் தரும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வந்தது. சீட்டுக்குப் பணம் சில மாதங்கள் கழித்தே வரும். நாளைக்குத் தோல் வாங்க வேண்டுமே, வேலையாளுக்குக் கூலி தர வேண்டுமே! அந்தச் சீட்டை வேறொருவரிடம் கழிவு கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இலாபம் அந்தக் கழிவிலேயே கரைந்து போகும். பெயர்ப்பலகையில் உரிமையாளர், சீட்டின் முன் கூலிக்காரர். விலை சொல்லும் உரிமையோடு, சொன்ன விலை சொன்ன நாளில் கைக்கு வரும் உரிமையும் சேர்ந்தால்தான் நான் கூறிய மகிழ்ச்சி முழுமை பெறும். இங்குள்ள தொழில் நடத்துவோர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, முறையாகப் பதிவு செய்த குறு, சிறு தொழில்களிடம் வாங்கியவர் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது, தாமதித்தால் வட்டி தர வேண்டும். பதிவு செய்யாதவர் இதைக் கேட்க முடியாது.

இவ்வளவு தடைகளையும் கடந்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம்மவரான மதுரைப்பிள்ளை இரங்கூனில் வணிகம் செய்து பெருஞ்செல்வராகித் தமிழ்ப் புலவர்களைப் போற்றினார். மகாராஷ்டிர மாநிலத்து அகோலா மாவட்டச் சிற்றூரில் 1961-இல் பிறந்த கல்பனா சரோஜ், பன்னிரண்டு வயதில் மணம் முடிக்கப்பட்டுப் பெருந்துயர் அடைந்தவர். மும்பை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கூலியாகத் தொடங்கியவர். கடனில் மூழ்கிக் கிடந்த கமானி டியூப்ஸ் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அவரைத் தேடி வந்தனர். பலரும் கைவிட்ட அந்த நிறுவனத்தை அவர் ஏற்று நடத்தினார். 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சாங்லி மாவட்டத்துப் பேட் என்னும் ஊரில் பிறந்த அசோக் காடே, மும்பைக் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் கற்றுக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளை அமைக்கும் நிறுவனத்தை உருவாக்கினார். தத்தா, அசோக், சுரேஷ் என்னும் மூன்று உடன்பிறந்தாரின் முதலெழுத்துகளே அந்நிறுவனத்தின் பெயராயின. தம் தாய் கூலிக்கு உழைத்த நிலத்தை அவர் பின்னாளில் விலை கொடுத்து வாங்கினார். கணக்குப் பார்த்தால் அந்நிலத்தால் அவருக்கு என்ன வருவாய் வந்துவிடப் போகிறது? வருவாய்க்காக வாங்கப்பட்ட நிலம் அன்று அது. மனிதனைச் செலுத்தும் விசை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு கிரயப் பத்திரம் சொல்லிவிடும்.

இத்தகைய பெரியவர்களை மட்டுமே சொல்லிச் செல்வது நம் இளைஞர்க்கு நன்மை செய்யாது என்றும் எண்ணுகிறேன். ஆயிரத்தில் ஒருவரைக் காட்டி மற்ற 999 பேரையும் குற்றவாளிகளாக்கும் பேச்சு இப்போது மலிந்துவிட்டது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை, இரண்டு தையல் இயந்திரம் உள்ள கடை, பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் நிலையம், இவைதாம் நம் தெருவின் அளவிற்கு உரியவை. இவை நிலைத்தால் போதும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற மாட்டேன். தாட்கோ நிறுவனம் 1974-இலேயே தோன்றியது. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அறிவித்தது. மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலாக விண்ணப்பிக்கும் முறை வைத்தது. மத்திய அரசு நிறுவனங்கள் தாம் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காட்டைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-இல் ஆணை பிறந்தது. பல ஆண்டுகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆணை தாளில் இருக்கும். அதைத் தட்டிக் கேட்க ஆள் வேண்டும். கேட்பதற்குப் பதிவும் கணக்கும் கையில் வேண்டும். திட்டத்தின் பெயரே தெரியாமல் தண்டல்காரரிடம் போகும் நம் பிள்ளைக்கும் அத்திட்டத்திற்கும் இடையே இருப்பது ஒரு விண்ணப்பத் தாள்தான். அந்தத் தாளை நிரப்பித் தருவது கல்விச் சங்கத்தின் வேலை அன்று என்று யார் கூற முடியும்?

ஆகவே நாளை நடைபெறவுள்ள பொதுக்குழுவில், என் பெயரில் ஒரு தீர்மானம் வருகிறது. வெள்ளி விழா நிதியில் மிச்சமாகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஈட்டுத் தொகையாக ஒதுக்க வேண்டும் என்பதே அது. நன்கொடையன்று, வங்கியில் வைப்பாக இருக்கும், கடனுக்கு ஈடாக நிற்கும். முதலாண்டில் ஐவருக்கு மேல் வேண்டா. அவர்களுள் இருவரேனும் பெண்களாக இருக்கட்டும். அந்தப் பணம் கல்லூரிப் படிப்புக்கல்லவா என்று மூத்த உறுப்பினர் சிலர் என்னிடம் வருந்திக் கேட்டனர். படிப்பு நிதியில் ஒரு காசும் குறையாது என்பதற்குப் பொருளாளர் கணக்குக் காட்டுவார். ஐவருள் ஒருவரோ இருவரோ தோற்கவும் கூடும் என்பதைத் தெரிந்தே இதை முன்வைக்கிறேன். தோற்றவர் வீட்டின்முன் நின்று எவரும் உரத்துப் பேசலாகாது என்பதும் தீர்மானத்தின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டுள்ளது. நகைக்க வேண்டா, அதை வேண்டுமென்றேதான் எழுதினேன்.

இன்னொன்று, நிதி தேவைப்படாதது. நம் சங்கத்தில் 400 குடும்பங்கள் இருக்கின்றன. வீடு கட்டுகிறோம், பெண்ணுக்குத் திருமணம் செய்கிறோம், பள்ளிச் சீருடை தைக்கிறோம். நம்மவர் கடை நம்மவர்க்கே தெரிவதில்லை. தெரிந்தாலும், "அவன் நம்ம பையன்தானே, பிறகு தந்துகொள்ளலாம்" என்று கடன் சொல்லிவிடுகிறோம். ஆக்ராவின் துண்டுச் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விலையைப் பேரம் பேசுங்கள். தரம் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். வாங்கினால் அன்றே பணம் கொடுங்கள். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நம் தெருக்களில் உள்ள தொழில்களின் பெயரும் இடமும் அச்சிடப்பட வேண்டும் என்று மலர்க் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டுள்ளனர்.

கணக்கு எழுதும் முறையை ஞாயிறுதோறும் மாலையில் கற்பிக்க வணிகவியல் ஆசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். நான் வரலாறு படித்தவன். அவருக்கு உதவியாக வருகைப் பதிவேடு பார்த்துக்கொள்கிறேன். சரக்கு வரவு, செலவு, பற்று, நிலுவை, சரக்கு சேவை வரிப் பதிவு ஆகியவற்றை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம் என்கிறார். படிப்பகத்தின் பின்னறை இதற்குப் போதும். மின்விசிறி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, அதை மாற்ற வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடையின் வலப்புறம் உள்ள மேசையில் என்னைக் காணலாம். பழ வியாபாரம் செய்யும் தாய்மார்களும் தயங்காமல் வரலாம். எழுதத் தெரியாதவர்க்கு முதல் இரண்டு வாரம் தனியே கற்பிக்கிறோம்.